பச்சை அட்டைக்காக ஒரு கல்யாணம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

எதிர்வீட்டுத் தங்கை விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டாள். பசியாறச் சொன்னேன், உட்காரவே இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அக்கா, இதில் கையெழுத்துப் போட்டு, ஈப்போவில் சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரையும் வாங்கித் தர வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்றால் மதிப்பு அதிகம் என்று ஏஜெண்ட் சொல்கிறார்."

வாசித்தேன். அவள் மகனையும் அவனுடைய அமெரிக்க மனைவியையும் எனக்கு நெருக்கமாகத் தெரியுமாம். இருவரும் என் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறார்களாம். அந்தப் பெண்ணை நான் பார்த்தது 2022 மே மாதத்தில், கல்யாணப் பதிவு முடிந்து கார் வந்து நின்ற அன்று மட்டும்தான். காரை விட்டு அவள் இறங்கவும் இல்லை. மறுநாள் விமானம் ஏறிவிட்டாள்.

இந்தத் தாமானில் (குடியிருப்பில்) எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த கதையை இன்று முழுதாகச் சொன்னாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனை ஓர் ஏஜெண்ட் பிடித்தான். பெயருக்கு ஒரு கல்யாணம், கொஞ்ச காலத்தில் விவாகரத்து, அதற்குள் அமெரிக்காவில் நிரந்தர வாசம் என்று ஆசை காட்டினான். விலை எழுபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்). இருட்டோடு எழுந்து பால்மரம் சீவியும், மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உரம் போட்டும் இவள் சேர்த்த சேமநிதிப் பணம் அது. பையன் 2023 ஆகஸ்டில் நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தான். அவனுடைய பச்சை அட்டை, அதாவது அங்கே நிரந்தரமாக வாழ்வதற்கான அட்டை, இந்த ஆகஸ்டில் காலாவதியாகிறது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முகம் வாடிப்போனாள். "உன் பிள்ளை எனக்கும் பிள்ளைதான். அதனால்தான் மறுக்கிறேன். அவனை என்னோடு பேசச் சொல்" என்று அனுப்பிவைத்தேன்.

7 ஏப்ரல்

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து படிக்க உட்கார்ந்தேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம் இருக்கிறது. பொய்யென்று தெரிந்தே ஒருவர் பிரமாணம் செய்தால் அவரைக் குற்றவியல் சட்டம் தண்டிக்கும். அது எனக்கு முன்பே தெரியும். அமெரிக்கச் சட்டத்தைத்தான் இன்று நிதானமாகப் படித்தேன்.

குடிநுழைவுச் சட்டத்தை ஏய்ப்பதற்காகத் தெரிந்தே கல்யாணம் செய்வது அங்கே குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்கப் பிரஜையான அந்தப் பெண்ணுக்கும் இதே விதிதான். கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாத நிலையில் போய் இறங்குகிறவர்களுக்கு நிபந்தனையோடு இரண்டு ஆண்டு அட்டை கொடுக்கும் முறை 1986இல் வந்தது. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். என்னிடம் கேட்ட கடிதம் அந்தப் படிவத்துக்கான சாட்சி.

பதிவுத் துறையின் சான்றிதழ் அசல்தானே, பிறகென்ன பயம் என்று ஏஜெண்ட் சொன்னானாம். இந்த வாதத்துக்கு 1953லேயே பதில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிலர் பாரிசில் பெயரளவுக்குக் கல்யாணம் செய்து, போர்வீரர்களின் மனைவியருக்கான சலுகையில் அமெரிக்காவுக்குள் ஆள் கொண்டுவந்தார்கள். லுட்வாக் வழக்கு என்று பெயர். அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லுமா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, சேர்ந்து வாழும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. முத்திரை அசலாக இருப்பதால் மட்டும் இவன் தப்ப முடியாது.

11 ஏப்ரல்

பையன் பேசினான். இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை ஒன்பது. கிடங்கில் இரவு வேலை முடிந்து வந்திருந்தான். "பெரியம்மா" என்று கூப்பிட்டவன் அதற்குமேல் சிறிது நேரம் பேசவில்லை.

ஐ-751இல் கையெழுத்துப் போட இன்னும் பத்தாயிரம் டாலர் வேண்டும் என்கிறாளாம் அந்தப் பெண். பணம் இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது என்று ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்திருக்கிறான்: மனைவி அடித்துத் துன்புறுத்தினாள் என்று எழுதித் தனியாகவே மனுப் போடலாமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வக்கீல் அலுவலகத்தில் இருந்த காலத்தில், புருஷன் உடைத்த கையோடு வந்த பெண்களின் வாக்குமூலத்தை நான் எழுதியிருக்கிறேன். நம்பிக் கல்யாணம் செய்து, போன இடத்தில் அடி வாங்கியவர்கள், மனைவியானாலும் கணவனானாலும், கொடுமைக்காரரின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் தப்பிக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது. ஒவ்வொரு பொய் மனுவும் அடுத்து வருகிற உண்மையான பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும். "தம்பி, பட்டினி கிடந்தாலும் இதை மட்டும் செய்யாதே" என்றேன். செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான்.

அவனுக்குப் புரியும்படி ஒன்றைச் சொன்னேன். கல்யாணம் முறிந்துபோவது அங்கே குற்றமில்லை. 1975இல் பார்க் என்ற வழக்கில், பிறகு பிரிந்தார்கள் என்பதாலேயே அது போலிக் கல்யாணம் ஆகிவிடாது, கல்யாணம் செய்தபோது என்ன எண்ணம் இருந்தது என்பதே முக்கியம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தோடு சேர்ந்து பிரிந்தவர்கள் விவாகரத்துக்குப் பின் தனியாகவே மனுச் செய்யலாம். இவனால் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் பிறந்த ஊர்கூட இவனுக்குத் தெரியவில்லை.

14 ஏப்ரல்

சித்திரைப் புத்தாண்டு. கோயிலில் அவளைப் பார்த்தேன். புது யோசனையோடு வந்திருந்தாள்: பையனைத் திரும்பி வரச் சொல்லி, அவள் அண்ணன் மகளை உடனே கட்டி வைத்துவிடலாமாம். அண்ணன் வீட்டிலும் சம்மதமாம்.

"அவனுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே" என்றேன்.

"அது பொய்க் கல்யாணம்தானே, அக்கா?"

சன்னதியிலேயே நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தாலி கட்டினால் போதும் என்றிருந்த காலம் நம் தோட்டங்களில் 1982 மார்ச் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 1976இல் இயற்றிய திருமண, விவாகரத்துச் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. அதன்படி பதிவான கல்யாணத்தை, பணத்துக்காகச் செய்தோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால்கூட அந்தக் காரணத்துக்காகச் செல்லாததாக்க முடியாது. ஏற்கெனவே மணமானவர், வயது வராதவர், மணக்கக் கூடாத உறவு என்று செல்லாமைக்குச் சட்டம் தனிக் காரணங்கள் வைத்திருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருந்தால் ரத்து கேட்கலாம். இவன் மனமறிந்து கையெழுத்திட்டவன். அமெரிக்காவில் அது போலி, இங்கே அது செல்லுபடியான கல்யாணம். விவாகரத்து ஆகாமல் அண்ணன் மகளைக் கட்டினால் இருதார மணம். ஏழு ஆண்டு வரை சிறை. அந்தப் பெண்ணுக்கும் சட்டப்படி மனைவி என்ற நிலை கிடைக்காது.

பிரகாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

20 ஏப்ரல்

இவள் குடும்பத்தை இந்த ஊர் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பேராசை என்கிறார்கள். காகிதத்தின் அருமை இந்தத் தோட்ட மக்களுக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரியாது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, பிறந்ததிலிருந்து இங்கேயே மரம் சீவியவர்கள்கூட இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். இவளுடைய சித்தப்பா அப்படிப் போனவர். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்த கிழவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் வந்து, உன் பிள்ளைக்கு வல்லரசின் அட்டை வாங்கித் தருகிறேன் என்றால் தாய் மனம் என்ன செய்யும்? செய்தது தவறுதான். ஆனால் அந்தப் பசியைத் தெரிந்துகொண்டு விலை வைத்தவன்மேல்தான் என் கோபமெல்லாம்.

27 ஏப்ரல்

பையனுக்கு அமெரிக்காவில் வக்கீல் கிடைத்துவிட்டார். அங்கே ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டு வக்கீல் அல்லாதவர்கள் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் போகாதே என்று எச்சரித்திருந்தேன். மாநில வழக்கறிஞர் மன்றத்தில் உரிமம் சரிபார்த்த பிறகே போனான். குடிநுழைவு நீதிமன்றத்தில் அரசாங்கம் வக்கீல் வைத்துத் தராது. ஆனால் இலவசமாக வாதாடும் அமைப்புகளின் பட்டியலை அமெரிக்க நீதித் துறையே வெளியிடுகிறது. அதிலிருந்துதான் தேடினோம்.

4 மே

வக்கீல் சொன்னதைப் பையன் எழுதி அனுப்பினான். மறக்காமல் இருக்க இங்கே குறித்துவைக்கிறேன்.

வக்கீலிடம் உண்மையைச் சொல்லலாம். அது அவரோடு நிற்கும். அதிகாரி கேட்டால் வக்கீல் இல்லாமல் பதில் சொல்லத் தேவையில்லை. வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு, பொய் சொல்ல உரிமை இல்லை. பணம் கொடுத்து ஐ-751 போட்டால் அது புதிய குற்றம், கல்யாணத்தோடு இன்னொரு பொய்யும் சேரும்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் அவனுடைய நிலை தானாக முடிந்து, நீதிமன்ற அழைப்பாணை வரும். போகாவிட்டால் அவன் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு போடுவார்கள். அப்படி வெளியேற்றப்பட்டால் பொதுவாகப் பத்தாண்டு திரும்ப முடியாது.

நாடு கடத்தினால் கடுந்துன்பம் நேரும் என்று காட்டித் தனியாக மனுச் செய்யவும் இடமிருக்கிறது. நல்லெண்ணக் கல்யாணமாக இருக்க வேண்டும் என்று சட்ட வாசகம் அதற்குக் கேட்கவில்லை. ஆனால் கொடுப்பது அதிகாரியின் விருப்புரிமை. உடல்நலமுள்ள இளைஞன், ஊரில் தாயும் வீடும் இருக்கின்றன. இவன் என்ன துன்பத்தைக் காட்டுவான்? நாடுகடத்தல் வழக்கில் நீதிபதி மோசடியை மன்னிக்கும் பிரிவும் ஒன்று உண்டு. அதற்குக் குடியுரிமையோ நிரந்தர வாசமோ உள்ள கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என யாராவது அங்கே இருக்க வேண்டும். ஏமாற்றுவதற்காகக் கட்டிய மனைவியைக் காட்டி மன்னிப்புக் கேட்க முடியாது என்றாராம் வக்கீல்.

எனக்கு மிகவும் கனத்தது இதுதான்: போலிக் கல்யாணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிற்காலத்தில் அவனுக்காக யார் போடும் குடியேற்ற மனுவும் ஏற்கப்படாது. உண்மையாக நேசித்து ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கட்டினாலும் சரி, கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டாலும் சரி. அதற்குக் காலக்கெடுவே இல்லை. முப்பது வயதில் செய்ததற்கு அறுபதிலும் அதே பதில்தான்.

கடைசி வழி, ஐ-407 என்ற படிவத்தில் நிரந்தர வாசத்தைத் தானே ஒப்படைத்துவிட்டு, வழக்கு வருமுன் கிளம்பி வருவது. நடந்ததை அது அழிக்காது. பிறகு எந்த விசா மனுவில் கேட்டாலும் உண்மையைத்தான் எழுத வேண்டும். ஆனால் நாடுகடத்தல் உத்தரவு பெயரில் ஏறாது.

18 மே

ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று பையன் தாயிடம் சொல்லிவிட்டான். அவள் இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சோறு எங்கள் வீட்டிலிருந்து போனது. எழுபதாயிரம் வெள்ளி போனது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஜெயிலுக்குப் போகாமல் வருவானா, அக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். வழக்கே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, பொய்யை மேலும் வளர்க்காமல் வக்கீல் துணையோடு வருகிறான், அதுதான் இப்போது அவனால் முடிந்தது என்றேன். கேட்டுக்கொண்டாள்.

ஏஜெண்ட் எனக்குப் போன் செய்தான். பையன் வாழ்க்கையை நான் கெடுக்கிறேனாம். என் கையெழுத்து இல்லாமல் நீ நடத்திக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

1 ஜூன்

விமான டிக்கெட் எடுத்துவிட்டான். இங்கே செய்ய வேண்டியது விவாகரத்து. கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாமல் பொதுவாக மனுப் போட முடியாது. இவர்களுக்கு அது தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணும் சம்மதித்தால் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு போடலாம். சம்மதம் என்று செய்தி அனுப்பியிருக்கிறாளாம். சட்ட உதவித் துறை குடும்ப வழக்குகளை எடுக்கிறது. வருமான அளவுக்குள் இவன் வருவான் என்று நினைக்கிறேன். ஏஜெண்ட் மேல் போலீஸ் புகார் கொடுக்க வேண்டும் என்று தாய் துடிக்கிறாள். பணம் கொடுத்தவளும் அவள்தான் என்பதால், முதலில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுவிட்டுத்தான் எதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

மாலை லிந்தாங் பக்கம் போனேன். அங்கே ஒரு குடும்பம் அதே ஏஜெண்டிடம் மகளுக்காக முன்பணம் கட்டியிருக்கிறது என்று கேள்வி. கல்யாணம் இன்னும் பதிவாகவில்லை. தகப்பன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன், அந்த வாழ்நாள் தடை உட்பட. மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். "நான் போகவில்லை, அப்பா" என்றாள். அவர் ரசீதை எடுத்து வந்தார். பெயர், தேதி, தொகை எல்லாம் தெளிவாக இருந்தன. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். அவரையும் வியாழக்கிழமை எங்களோடு ஈப்போவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.