முதல் தடவை பாஸிடம் வெல்லப் போகாதீங்க

டர்ன் பேஸ்ட் கேமில், அதாவது நாமும் எதிரியும் முறை (டர்ன்) வைத்து அடிக்கும் கேமில், பாஸ் என்கிற பெரிய எதிரியிடம் செத்ததும் நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை, வந்த வழியே திரும்பிப் போய்ச் சில்லறை எதிரிகளை அடித்து லெவல் ஏற்றுவது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடித் தம்பி ஒரு பள்ளிக்கூட விடுமுறையையே அப்படிக் கரைத்தான். லெவல் ஏறியது. அதே பாஸ், அதே அடி, முழு டீமும் திரும்பச் சுருண்டது.

லெவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நன்றாகச் செய்த பாஸ் ஒவ்வொன்றும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரியாமல் எச்பியை (உயிர்ப் புள்ளிகளை) மட்டும் கூட்டினால் சாவு ரெண்டு டர்ன் பிந்தும், அவ்வளவுதான். ஏ/எல்லுக்கு முதல் பாஸ்ட் பேப்பர் செய்கிற மாதிரித்தான் முதல் தடவை உள்ளே போக வேண்டும். மார்க்ஸ் முக்கியமில்லை, கேள்வி எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும்.

வாசலில் சேவ் பண்ணிவிட்டு, பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு, பனி, மின்னல், தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவை எறிந்து பாருங்கள். விஷம், குருடு, ஸ்லோ பிடிக்கிறதா என்றும் பாருங்கள். "பாஸுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று பலர் தொட்டும் பார்ப்பதில்லை; சில பாஸுக்கு நன்றாகவே பிடிக்கும். ஒருவரை டிஃபென்ட் (தற்காப்பு) மட்டும் செய்ய விடுங்கள், மற்றவர்கள் விழுந்தாலும் அவர் நின்று இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பெரிய அடிக்கு முந்தின டர்னில் பாஸ் என்ன செய்கிறது, எந்த எச்பியில் குணம் மாறுகிறது, இந்த ரெண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.

தம்பி மாட்டியிருந்தது ஃபைனல் ஃபேண்டஸி 10இல், யுனலெஸ்கா என்ற பாஸிடம். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கேம், 2016இலிருந்து ஸ்டீமிலும் கிடைக்கிறது. இவளுக்கு மூன்று உருவம், எச்பி 24,000, பிறகு 48,000, பிறகு 60,000. ரெண்டாம் உருவத்தில் ஹெல்பைட்டர் என்ற அடியை அடித்து எல்லாரையும் ஸோம்பி ஆக்குவாள். ஸோம்பியாக இருப்பவருக்கு குணமாக்கும் மேஜிக்கான கியூர் போட்டால் எச்பி ஏறாது, இறங்கும். விழுந்தவரை எழுப்பும் ஐட்டமான ஃபீனிக்ஸ் டவுன் போட்டால் ஆளே போய்விடுவார். அவளும் விடமாட்டாள், குணமாக்கும் மேஜிக்கையே நம்ம ஸோம்பிகள் மேல் போட்டு அடிப்பாள். ஆகவே யாரும் உடனே ஸோம்பியை நீக்கும் ஹோலி வாட்டரை எடுத்து மூன்று பேரையும் சுத்தமாக்கத்தான் பார்ப்பார்கள். மூன்றாம் உருவத்தில் மெகா டெத் என்ற அடி வரும். ஸோம்பியாக இல்லாத எல்லாரும் அந்த இடத்திலேயே காலி.

"அண்ணா, லெவல் இன்னும் ஏத்தவா?"

"வேண்டாம்டா. ஒருத்தனை ஸோம்பியாவே விடு."

"வருத்தத்தைக் குணமாக்காமலா?"

"ஓம். அவன் அடிக்கட்டும். மற்ற ரெண்டு பேரும் விழுந்தா அவனே ஃபீனிக்ஸ் டவுன் போட்டு எழுப்புவான்."

அன்று இரவே முடித்துவிட்டான். இந்தச் சண்டைக்கு முன்னால் தாண்டவே முடியாத நீளமான காட்சி ஒன்று வரும், ஒவ்வொரு தோல்விக்கும் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதுதான் உண்மையான தண்டனை என்பேன்.

அதே கேமில் ககஸெட் மலையில் வரும் சீமோர் என்ற பாஸ் இதைவிட லேசு. முழு டீமையும் துடைக்கும் அடிக்கு முன் எச்சரிக்கை வரும். வந்ததும் நம்ம டீமில் இருக்கும் யூனாவை வைத்து ஒரு ஏயனை (அவள் அழைக்கும் பெரிய துணை உயிரை) கூப்பிடுங்கள், அடியை அது வாங்கட்டும்.

எப்போது ஹீல் பண்ணுவது (எச்பியை ஏற்றுவது) என்பதிலும் பலர் டர்ன்களை வீணாக்குகிறார்கள். எச்பி பாதியானதும் பதறி கியூர் போடுவார்கள். இந்த கேமில் திரையின் வலது பக்கம் யாருக்கு அடுத்த டர்ன் என்று வரிசை இருக்கிறதே, அதைப் பாருங்கள். பாஸுக்கு முன் நமக்கு ரெண்டு டர்ன் இருந்தால் முதலாவதில் அடிக்கலாம், ரெண்டாவதில் ஹீல். ஒரு கட்டளையின் மேல் கர்சரை வைத்தாலே அந்த வரிசை எப்படி மாறும் என்று காட்டிவிடும்.

ஷின் மெகாமி டென்செய் 3 நாக்டர்ன் (2003) என்ற கேம் வேறு மாதிரி. நாலு பேருக்கு நாலு டர்ன். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் அரை டர்ன்தான் செலவு, அடி தவறினால் ரெண்டு டர்ன் போகும், எதிரி அதை உறிஞ்சினாலோ திருப்பி அடித்தாலோ மிச்சம் எல்லாமே போய்விடும். ஆரம்பத்திலேயே வரும் மாட்டடோர் என்ற பாஸ் தன் சுறுசுறுப்பை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான், நம்ம அடி காற்றில் போகும், டர்னும் கூடவே போகும். சுகுண்டா அல்லது ஃபாக் பிரெத் என்ற திறமை கொண்டு அவன் சுறுசுறுப்பை இறக்க வேண்டும், இல்லையென்றால் சுகுகாஜா என்ற மேஜிக் போட்டு நம்ம சுறுசுறுப்பை ஏற்ற வேண்டும். நம்ம டீமில் சேர்ந்து சண்டை போடும் பேய்களில், காற்று அடியில் பலவீனமானவற்றை வெளியே விட்டுப் போங்கள். பஃப் (நம்ம பலத்தை ஏற்றும் மேஜிக்) போடுகிற டர்ன் வீண் என்று நினைக்கிறவர்களை இந்த ஒருவனே திருத்திவிடுவான். பிறகு எந்த கேமுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஐட்டம் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். "கடைசிக்கு வைப்பம்" என்று எலிக்ஸர் மாதிரிப் பெரிய மருந்தைச் சேர்த்து, கேம் முடியும்போது பை நிறைய வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! மாட்டின இடத்தில் பாவியுங்கள்.

இன்னொன்று கொழும்புக்காரருக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மழைக்கு டப்பென்று போகும். டெஸ்க்டொப்பிலோ டிவியோடு கொன்சோலிலோ விளையாடுவதென்றால் யூபிஎஸ் இல்லாமல் நீளமான பாஸைத் தொடாதீர்கள். லாப்டொப் என்றால் பரவாயில்லை. சேவ் ரெண்டு வையுங்கள்: ஒன்று பாஸ் வாசலில், மற்றது திரும்பிக் கடைக்குப் போகக்கூடிய பழைய இடத்தில். வாசலில் மட்டும் சேவ் பண்ணிவிட்டு, ஹோலி வாட்டர் ஒன்றுகூட இல்லாமல் உள்ளே நிற்கிறவனுக்கு நான் சொல்லவும் வழியில்லை.