வட்டெழுத்துக்குக் கிடைத்த பகல்

ஜூன் 2, 2024, ஞாயிறு

நேற்றோடு முதலாண்டுத் தேர்வு முடிந்தது. கடைசித் தாளில் ஒரு கல்வெட்டின் மைப்படியை, அதாவது கல்லின் மேல் காகிதம் ஒற்றி மையால் எடுத்த படியை, கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பதினோரு வரி. ஒன்பதை முழுதாக எழுதினேன், இரண்டில் புள்ளி வைத்து இடம் விட்டேன். தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பக் கூடாது என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்.

இன்று ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். படிக்க வேண்டிய பாடம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு வகுப்பு தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காபியோடு வாசல்படியில் உட்கார்ந்து, தெருவில் வெயில் இறங்கி வருவதைப் பார்த்தேன். 34 ஆண்டுகள் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் தபால் பிரித்தவள் நான். பாதிக்கு மேல் இரவுப் பணி. வெளிச்சம் வந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துதான் பழக்கம். ஓய்வு பெற்ற கையோடு இந்தக் கல்வெட்டுப் படிப்பில் சேர்ந்ததால், பகல் என்பது எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஜூன் 5, புதன்

கோவையிலிருந்து மகன் பேசினான். "அம்மா, லீவுதானே, இங்கே வந்து இருங்களேன்." மாத இறுதியில் வருகிறேன் என்றேன். மருமகள் போனை வாங்கி, "அத்தை, வரும்போது அந்த எழுத்து நோட்டைக் கொண்டு வாங்க, பாப்பா கேட்குறா" என்றாள். பேத்தியின் பெயரைப் போன முறை வட்டெழுத்தில், அந்தக் காலத்தில் தமிழை எழுதிய வளைந்த எழுத்தில், எழுதிக் கொடுத்தேன். அதைப் பென்சில் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாளாம். மனசு நிறைந்து போனது.

ஜூன் 9, ஞாயிறு

உறவில் ஒரு வளைகாப்பு. "இந்த வயசுல படிச்சு என்ன வேலைக்கா போகப் போறே?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். சபையில் பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிக்கும் மேசையைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை வந்தார். கிறுக்கலான ஒரு முகவரியை நான் சட்டென்று வாசித்து உரிய அறையில் போட்டதை வாய் திறந்தபடி பார்த்தார். "இதெல்லாம் உனக்குத் தெரியுதாடி?" என்றார். அந்த முகம்தான் காரணம் பெரியம்மா. யாருக்கும் புரியாத எழுத்து ஒன்று என் கண்முன் வார்த்தையாக மாறும் நேரத்தை விட எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. அதற்கு வயது கணக்கு எதற்கு?

ஜூன் 13, வியாழன்

நூலகத்தில் நாள் முழுக்க. மதுரைப் பக்கத்து மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் இருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகளை, வட்டெழுத்துக்கும் முந்தைய பழைய எழுத்துகளை, பற்றி மறுபடியும் படித்தேன். ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சூவெல் 1882-லேயே அவற்றைக் குறித்திருக்கிறார். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியது 1924-ல். நடுவே 42 ஆண்டுகள். நெடுஞ்செழியன் என்ற பெயர் அந்தக் கல்லில்தான் இருந்தது, நம் மொழியில்தான் இருந்தது.

தேர்வுக்காகப் படித்தபோது இவை எனக்கு வெறும் ஆண்டுகள். இன்று அந்த இடைவெளியை நினைத்து ஒரு பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். யாரும் நேரம் குறித்து நிற்காதபோது இப்படி நிற்க முடிகிறது.

ஜூன் 18, செவ்வாய்

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சமணர் மலைக்குப் போனோம். கூட வந்தது என்னோடு படிக்கும் பெண், மகன் வயதுதான் இருக்கும். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் ஏறி நாகமலைப் புதுக்கோட்டை, அங்கிருந்து ஆட்டோ. இந்த ஊரின் கடிதங்கள் எத்தனை என் கை வழியாகப் போயிருக்கும்! பின்கோடு எழுதாமல் வெறும் 'புதுக்கோட்டை' என்று வருபவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டையின் 622001-ஆ, இந்த ஊரின் 625019-ஆ? தெருப் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒருவருடைய நேர்காணல் கடிதம் இரண்டு நாள் வேறு மாவட்டத்தில் சுற்றும்.

மலையடிவாரத்துக் கீழக்குயில்குடியில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். கும்பிட்டுவிட்டு ஏறினோம். என் முழங்காலுக்கு அந்தப் படிகள் அதிகம். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், அவள் அவசரப்படுத்தவில்லை.

மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் பாறைச் சிற்பங்களாக வரிசையாக நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். உருவங்களுக்குக் கீழே செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலும் மழையும் தின்றது போக மீதி. நான் தேடி வந்தது ஒரே ஒரு வரியை. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் ஆனைமலை, கொங்கர் புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றிய மலைகளில் திரும்பத் திரும்ப வரும். இங்கே அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த ஒரு திருமேனி இருக்கிறது. துறவு போன மகனின் பெயரைச் சொல்லி, தான் அவனுடைய தாய் என்றும் சொல்லி, தன் பெயரையும் பொறிக்க வைத்த ஒரு பெண்.

மதிய வெயிலில் எழுத்தே தெரியவில்லை. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் வெட்டுக்குள் நிழல் நிற்காது. நாலு மணிக்கு மேல் வெயில் சாய்ந்ததும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஸ்ரீ. அப்புறம் அ, ச்... விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டியபடியே போனேன். 'தாயார்' என்று வந்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

நோட்டில் நான் பார்த்தபடியே வரைந்துகொண்டேன். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று அவள்தான் கிளப்பினாள்.

ஜூன் 19, புதன்

கால் வலி. தைலம் தேய்த்துப் படுத்திருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

என் நோட்டை அச்சான வாசிப்போடு ஒப்பிட்டேன். ஒரே இடத்தில் வேறுபாடு. 'செய்வித்த திருமேனி' என்று நூலில் இருக்கிறது. நான் 'செய்பித்த' என்று எழுதி வந்திருக்கிறேன். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒன்று போல வளையும், பிற்காலத்துக்கு வர வர இன்னும் கஷ்டம். அறிஞர்கள் வாசித்ததுதான் சரியாக இருக்கும். ஆனாலும் என் கண் ஏன் அதைப் பகரமாகப் பார்த்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நிழல் மாறியதா, கல் பொரிந்த இடத்தை வளைவு என்று எடுத்துக்கொண்டேனா?

வேலையில் இருந்தபோது சந்தேகமான முகவரியைத் தனியே எடுத்து வைத்து, பணி முடிவதற்குள் மறுபடி பார்ப்பேன். அப்போது நிமிடக் கணக்கு. இப்போது நாட்கள் இருக்கின்றன.

ஜூன் 21, வெள்ளி

மலைக்குக் கூட வந்த பெண்ணிடம் போனில் சொன்னேன். "சனிக்கிழமை வருவோமாம்மா? காலையிலேயே போயிடலாம், வெயில் அந்தப் பக்கம் இருந்து விழும்" என்றாள். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் நோட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, தண்ணீர், இரண்டு பேருக்கும் தயிர் சாதம் கட்ட டப்பா எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அலாரம் நாலரைக்கு.