பெரியம்மாவின் விரலும் என் அங்குஸ்தானும்

தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியதும், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வை தைக்க, பரணில் இருந்த பழம்புடவை மூட்டை கீழே இறங்கியது. பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த பருத்திதான் உடம்புக்கு இதம் என்பது பெரியம்மா போட்ட சட்டம். ஐந்தரை மீட்டர் சுங்குடிப் புடவையை நாலாக மடித்து, அதைச் சுற்றி இன்னொரு புடவையைப் போர்த்தி, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத்தையல் போட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அத்தனை மடிப்பையும் தாண்டி ஊசியைத் தள்ளும்போதுதான், ஊசிக்கு முனை ஒன்றல்ல, இரண்டு என்று தெரியும். காது இருக்கிற பக்கமும் நன்றாகவே விரலுக்குள் இறங்கும்.

சரி என்று கடைக்குப் போய் ஒரு அங்குஸ்தான் வாங்கிவந்தேன். ஊசி வழுக்காமல் இருக்க உடம்பெல்லாம் குழி போட்ட சின்னத் தொப்பி. நடுவிரலில் மாட்டியதைப் பார்த்த பெரியம்மா, "இது என்னடி, விரலுக்குக் கிரீடமா?" என்றார். அவருடைய நடுவிரல் நுனி காய்த்துப்போய் இருக்கும். அதில் ஊசி இறங்க வேண்டுமென்றால் ஊசிதான் பயப்பட வேண்டும். "ஊசி போறது விரலுக்குத் தெரியணும். தகரத்துக்கு என்ன தெரியும்?"

தெருமுனை டெய்லர் அண்ணனிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் வேறு கட்சி. அங்குஸ்தான் இல்லாமல் தைப்பதெல்லாம் தையலே இல்லையாம். ஆனால் நான் வாங்கியதும் தப்பாம். அவருடையது தலை திறந்தது. நகம் வெளியே தெரியும், விரலின் பக்கவாட்டால் ஊசியைத் தள்ள வேண்டும். விரலை மடக்கியே வைத்துப் பழக, அவருடைய குரு நூலால் கட்டிவிடுவாராம். பழசாக ஒன்றைக் கொடுத்தும் அனுப்பினார்.

இதற்குள் என் இடது கை ஆள்காட்டி விரல் சல்லடை. ஏனென்றால் அங்குஸ்தான் காப்பது தள்ளுகிற விரலை மட்டும். அடியில் ஒரு விரல் காத்திருந்து, முனை தட்டுப்பட்டதும் ஊசியை மேலே திருப்பிவிட வேண்டுமே, குத்து வாங்குவது அதுதான். வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "வண்டி ஓட்டுறவனுக்கு மட்டும் ஹெல்மெட், பின்னாடி உட்கார்றவனுக்கு இல்லையா?" என்றார். அதற்கும் ஒன்றை மாட்டினால் முனை வந்தது தெரியாது, தையல் ஆளுக்கொரு பக்கம் போகும். அந்த ஒரு இடத்தில் பெரியம்மா சொல்வது சரி. மேல் கைக்குத் தகரம், கீழ் கைக்கு வெறும் விரல். என் தீர்ப்பு இதுதான். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

துணியில் ரத்தப்பொட்டு பட்டதும் அடுத்த சண்டை. வெந்நீர் ஊற்றினால் கறை அங்கேயே குடியேறிவிடும், பச்சைத் தண்ணீர்தான் என்று நான் எழுந்து போய் வருவதற்குள், பெரியம்மா எச்சிலைத் தொட்டுத் தேய்த்துக் காட்டிவிட்டார். கறை போயே போய்விட்டது. வீடியோ அழைப்பில் இருந்த தங்கை மட்டும், "என் பிள்ளை போர்வையில துப்பினீங்களா?" என்று கத்தினாள்.

அப்புறம் ஒரு நாள் என் அங்குஸ்தானைக் காணோம். மகள் அதைச் சொப்புச் சாமானில் சேர்த்து, பொம்மைக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். டெய்லர் அண்ணனுடையதை அவள் சீந்தவில்லை, ஒழுகுமாம்.

மீட்டுக்கொண்டு வந்து ஊசிப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் காணோம். இந்தமுறை மகள் மேல் தப்பில்லை. அடுக்களையில் பெரியம்மா அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தைக்கத்தான் லாயக்கில்லைன்னேன். கத்தி படாம இருக்க நல்லாத்தான் இருக்கு. நீ உனக்கு வேற ஒண்ணு வாங்கிக்கோ."