பதினாறு படி: ஒரு மாடி பூத்தின் கணக்கு

8 செப்டம்பர் 2025, திங்கள்

சிங்கப்பூர் எக்ஸ்போ வளாகத்தில் நடக்கும் ஏப்ரல் உணவுக் கண்காட்சியில் எங்கள் பூத்துக்கு, அதாவது கடை அரங்குக்கு, இடத்தை உறுதி செய்யச் சொல்லி மெயில் வந்துவிட்டது. அக்டோபர் 10 கடைசி நாள். போன தடவை எடுத்த அதே மூலைதான். 9 மீட்டருக்கு 6, மொத்தம் 54 சதுர மீட்டர் வெறும் தரை. இந்த முறை புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இந்த இடத்தில் இரண்டு தளமாகக் கட்டிக்கொள்ளலாம், மேல்தளத்துக்குத் தரைவாடகையில் பாதி.

மாமா படித்து முடித்ததுமே கேட்டார். "மாடி வச்சுக் கட்டிட்டா என்னம்மா?"

அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். போன கண்காட்சியில் இரண்டாம் நாள் மத்தியானம், துபாயிலிருந்து வந்த ஒருவர் எங்கள் ஃப்ரோசன் புரோட்டாவில் இரண்டு சாப்பிட்டுவிட்டு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். ஹலால் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை மாதம் தாங்கும், ஒரு கண்டெய்னரில் எத்தனை பெட்டி ஏறும். அவரை உட்கார வைக்க ஒரு நாற்காலி இல்லை. ஃப்ரீசர் மூடிமேல் விலைப்பட்டியலை விரித்து வைத்து, பக்கத்து பூத்து ஒலிபெருக்கிக்கு மேல் கத்திக் கத்திப் பேசினோம். பத்து நிமிடம் பொறுத்தார். மெயில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. சரக்கு பிடித்துப்போய் வந்த மனிதரை இடம் இல்லாமல் விட்டோமே என்று மாமா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

எனக்கும் மாடி மேல் ஆசை இருக்கிறது. எக்ஸ்போவில் 10 மண்டபம், எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் சதுர மீட்டர். அதில் 54 சதுர மீட்டர் எந்த மூலைக்கு? உயரமாக ஒன்று நின்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

11 செப்டம்பர், வியாழன்

ஒப்பந்தக்காரரிடமிருந்து இரண்டு விலை வந்தது. ஒரு தளத்துக்கு ஒன்று, 30 சதுர மீட்டர் மாடியோடு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். கட்டுமானம் 38,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல். மாடி வாடகை 9,000. பொறியாளர் கணக்கும் கையெழுத்தும் 3,000. ராத்திரி வேலைக்கும் கூடுதல் லோரிக்கும் 4,000. ஆக 54,000 வெள்ளி. ஜிஎஸ்டி 9 சதவீதம் பிறகு திரும்ப வந்துவிடும் என்றாலும் முதலில் கையிலிருந்துதான் போகவேண்டும்.

நாற்பதடி ஃப்ரீசர் கண்டெய்னர் ஒன்று போனால் செலவெல்லாம் கழித்து எங்களுக்கு நிற்பது ஏறக்குறைய 6,000 வெள்ளி. அப்படியென்றால் ஒன்பது கண்டெய்னர். வழக்கமாக வரும் வியாபாரத்தை இதில் சேர்க்கக்கூடாது. மாடி இருந்ததால் மட்டுமே வந்த ஒன்பது கண்டெய்னர் வேண்டும்.

மாமாவிடம் சொன்னேன். "துபாய்க்காரர் ஒருத்தரே வருஷத்துக்குப் பன்னெண்டு எடுப்பார்" என்றார். அதுவும் உண்மைதான்.

17 செப்டம்பர், புதன்

இன்று எக்ஸ்போவில் இயந்திரத் தொழில் கண்காட்சி ஒன்று. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மாடி பூத்துகளைப் பார்க்கத்தான் போனேன். நியூட்டன் ஸ்டேஷனில் இறங்கி டவுன்டவுன் லைன் ரயில் பிடித்தால் நேராக எக்ஸ்போ.

மூன்று பூத்துக்கு மாடி இருந்தது. இரண்டை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிந்தது. இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கையில் கோப்பியோடு நின்று, படியேறுகிறவர்களைக் கோடு போட்டு எண்ணினேன்.

முதலாவது உலோகம் வெட்டும் இயந்திரக்காரர்களுடையது. 14 பேர் ஏறினார்கள். அதில் 10 பேர் வெளியாட்கள். படிக்குக் கீழே ஒரு பெண் நேரம் குறித்த பட்டியலோடு நிற்கிறார், பெயர் சொன்னால்தான் மேலே அனுப்புகிறார். ஏறியவர்கள் அரைமணி நேரம் உட்காருகிறார்கள், இறங்கும்போது கையில் வரைபடம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். கண்காட்சிக்கு ஒன்றரை மாதம் முன்பே சந்திப்பு நேரம் கொடுத்துவிடுவார்களாம். ஒரு இயந்திரம் வாங்க மூன்று பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், நின்றுகொண்டே பேசித் தீர்க்கிற விஷயமில்லை என்றார். அவர்கள் போட்ட காசு வீண் இல்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது பூத்தில் 11 பேர் ஏறினார்கள். அதில் 8 பேர் அந்த நிறுவனத்தின் சட்டை போட்டவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. நான் அனுமதி கேட்டு மேலே போய்ப் பார்த்தேன். தொட்டிச் செடி, வெள்ளை நாற்காலி, கண்ணாடித் தடுப்பு எல்லாம் அழகாக இருந்தன. ஊழியர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து நிற்கிறவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே ஒரு பெரியவர் மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்களிடம் கண்காட்சிக்கு வருவது மொத்தமே ஐந்து பேர். தோசைக்கல்லில் ஒருவர், தட்டு நீட்ட ஒருவர், பேச இரண்டு பேர், மாமா. மாடி இருந்தால் இவர்களில் யார் மேலே போவது? ரயிலில் திரும்பும்போது முழுக்க இதே யோசனை.

20 செப்டம்பர், சனி

ஒரு பெரிய ஆர்டர், நாள் முழுக்கப் பேக்கிங் பக்கமே நின்றேன். பூத்து விஷயம் எதுவும் நடக்கவில்லை.

27 செப்டம்பர், சனி

வரைபடத்தைத் தாளில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. சாயங்காலம் கடைசி லோரி போனதும் சரக்கு ஏற்றும் இடத்தைக் கூட்டித் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி பூத்தை அப்படியே தரையில் வரைந்தோம். 9 மீட்டருக்கு 6. நானும் மாமாவும் பேக்கிங் தம்பிகள் இரண்டு பேரும்.

தூண் நிற்கும் ஆறு இடத்திலும் எண்ணெய் டின் வைத்தோம். பிறகு படி. மாடித் தரை 2.8 மீட்டர் உயரம், ஒரு படி பதினேழரை சென்டிமீட்டர், ஆக 16 படி. தரையில் படுக்கவைத்தால் அது நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஏறுகிற இடத்தில் ஆள் நிற்கவும் திரும்பவும் இடம் விட்டால் ஆறரை சதுர மீட்டர் போய்விடுகிறது. மரப் பலகைகளை அடுக்கி அந்த இடத்தை அடைத்துப் பார்த்தோம்.

அடைத்த பிறகுதான் தெரிந்தது, போன வருடம் தோசைக்கல் இருந்த இடம் அது. மூலையில் இரண்டு நடைபாதையும் சேருகிற இடம், வாசனை இரண்டு பக்கமும் போகிற இடம். படியைப் பின்னால் தள்ளலாமே என்று ஒரு தம்பி பலகையை இழுத்துப் போட்டான். அங்கே ஃப்ரீசர் நிற்கவேண்டும், மின்சார இணைப்பும் அந்தப் பக்கம்தான். நடுவில் போட்டால் பூத்து இரண்டாகப் பிளந்துபோகிறது. எட்டு மணி வரை பலகையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம்.

மாமா அலுவலக மாடிப்படிக்குப் போய் 16 படி எண்ணி ஏறி இறங்கி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்தார். "பினாங்குப் பெரியவர் வருவாரேம்மா, தடி ஊன்றிக்கிட்டு. அவரை ஏறச் சொல்றதா?" என்றார். இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறவர் அவர். மாடி என்று பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அவர் நினைவே வரவில்லை. மாமாவுக்கு வந்தது.

2 அக்டோபர், வியாழன்

ஒப்பந்தக்காரருடைய பொறியாளர் வந்தார். திருச்சிக்காரர், பொறுமையாக விளக்கினார். மாடித் தரையைச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ தாங்குகிற மாதிரிக் கணக்குப் போடுவாராம். ஆள் கூடி நிற்கிற இடத்துக்கு அப்படித்தான் போடவேண்டும். 30 சதுர மீட்டருக்கு 15 டன். அவ்வளவும் ஆறு தூணில் இறங்குகிறது. மண்டபத் தரையைத் துளைக்கக்கூடாது என்பதால் தூணுக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு. அந்தத் தகட்டில் யாரும் தடுக்கி விழாமலிருக்கப் பூத்துத் தரை முழுவதையும் பத்து சென்டிமீட்டர் உயர்த்திப் பலகை போடுவார்கள். அப்போது பூத்துக்குள் நுழையவே ஒரு படியோ சாய்தளமோ வேண்டும்.

அதன்பின் சொன்ன இரண்டு விஷயம்தான் என் மனதை மாற்றின.

மாடிக்கு அடியில் அடுப்பு கூடாது. மண்டபக் கூரையிலிருந்து வரும் நீர்த்தெளிப்பானை மாடித் தரை மறைத்துவிடும். கீழே தீப்பிடித்தால் தண்ணீர் வந்து சேராது, புகையும் மேலே போக வழியில்லை. புகை உணர்கருவியும் தீயணைப்பானும் கண்டிப்பாக வைக்கவேண்டும். அதை வைத்தாலும் தோசைக்கல்லுக்குத் தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். ஆக 54-ல் 30 போனால் திறந்த தரை 24. அதில் படிக்கு ஆறரை. மீதியில்தான் கல், ஃப்ரீசர், ஆட்கள், வருகிறவர்கள்.

இன்னொன்று, மேல்தளத்துக்குக் கூரை போட முடியாது. அதுவும் நீர்த்தெளிப்பானுக்காகத்தான். சுற்றிலும் கண்ணாடி வைக்கலாம், மேலே திறந்தே இருக்கும். "அப்போ சத்தம்?" என்று கேட்டேன். "சத்தம் வரும் மேடம். கீழே இருக்கிறதைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றார். நான் இத்தனை நாளும் மனதில் கட்டி வைத்திருந்தது கதவு சாத்தினால் அமைதியாகிவிடும் அறை. 54,000 வெள்ளி கொடுத்தாலும் அது கிடைக்காது.

5 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியா பக்கம், தேக்கா போனோம். சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு. கூட்டத்தில் மாமா ஒரு பழைய கடைவீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். எங்கள் தாத்தா முதன்முதலில் மாவும் மசாலாவும் விற்ற கடை. இப்போது செல்போன் கடை.

அந்தத் தெருவின் பழைய வீடுகளெல்லாம் கீழே கடை, மேலே குடித்தனம். வாசலை ஒட்டி அஞ்சடி என்கிற நடைபாதை. 1822-ல் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் தன் நகரத் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரைபோட்ட நடைபாதை விடவேண்டும் என்று எழுதி வைத்தது, இன்றைக்கும் மழைக்கும் வெயிலுக்கும் ஜனங்கள் அதன் கீழேதான் நடக்கிறார்கள். தாத்தா மல்லி வறுக்கும் சட்டியை அஞ்சடி ஓரமாகத்தான் வைப்பாராம். மேலே மூட்டைகளும் படுக்கையும் மட்டும். "வாங்க வந்த ஒரு ஆளைக்கூட தாத்தா மேலே கூட்டிக்கிட்டுப் போனதில்லை. பெரிய கணக்கு பேசணும்னா பின்கட்டுல ஸ்டூல் போட்டுப் பேசுவாரு" என்றார் மாமா.

பின்கட்டு. ராத்திரி முழுக்க அந்தச் சொல்லே மனதில் ஓடியது.

9 அக்டோபர், வியாழன்

மாடி வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு தளத்துக்குப் படிவம் அனுப்பிவிட்டேன். மாமாவும் கூட உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

பின்பக்க மூலையில், ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து தள்ளி, மூன்றுக்கு மூன்று மீட்டரில் ஓர் அறை. கெட்டியான தடுப்பு, கதவு, நாலு நாற்காலி, ஒரு மேசை. பெரியவர் தடியோடு நேராக நடந்து வரலாம். உயரத்துக்கு, மூலையில் வெளிச்சப் பெயர்ப்பலகை ஒன்று, கண்காட்சிக் கையேட்டில் அனுமதித்த அளவு வரை. தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்றுதான் நாங்கள் உயரத்துக்கு ஆசைப்பட்டோம், அதற்கு 15 டன் தாங்கும் தரை தேவையில்லை. தோசைக்கல் பழைய இடத்திலேயே இருக்கும். அறைக்கும் பலகைக்கும் சேர்த்துக் கூடுதல் 9,500 வெள்ளி. இரண்டு கண்டெய்னருக்குள் திரும்பிவிடும்.

மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை வேறு ஒன்றுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்து பேர் என்பதை ஏழு பேர் ஆக்கவும், பிப்ரவரி முடிவிலிருந்தே வாங்குகிறவர்களுக்குப் போன் போட்டு நேரம் குறிக்கவும். துபாய்க்காரருக்கு முதல் போன் நானே போடுவேன்.

சரக்கு ஏற்றும் இடத்தில் டேப் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. தம்பிகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். நாளைக்குப் படிக்கோட்டையும் தூண்களையும் பிய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். அறையின் கோடு மட்டும் இருக்கட்டும். மேசை வந்ததும் அதற்குள் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து கதவைத் திறக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.