வாய்க்கால் சென்சாருக்கு ஒரு டிரைவர்: ரிவ்யூ செய்த அனுபவம்

டிரைவர் என்பது ஒரு ஹார்ட்வேரோடு லினக்ஸ் பேச உதவும் கோடு. அது ரிவ்யூவுக்கு வந்தால் நான் முதலில் திறப்பது, டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனை. அடுத்து, சிப்பைக் கண்டதும் அதைத் தயார் செய்யும் ப்ரோப் ஃபங்ஷனில் எங்கெல்லாம் பிழை வந்து பாதியில் திரும்புகிறது என்று பார்ப்பேன். சிப் ஒழுங்காக இருந்தால் ரீடிங் வரும் என்பதை எழுதியவரே பெஞ்சில் பத்து தடவை பார்த்திருப்பார். அதையே நானும் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் டீக்கடையில் தமிழ்தான் அதிகம் கேட்கும். கோயம்புத்தூரில் போர்டு தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. வாய்க்காலிலும் குளத்திலும் நீர்மட்டம் அளக்கும் பெட்டி ஒன்றைச் செய்கிறோம்: சோலார் பேனல், லினக்ஸ் ஓடும் போர்டு, தண்ணீருக்குள் இறங்கும் அழுத்த சென்சார். எங்கள் பக்கம் நீர்மட்டம் விளையாட்டு விஷயம் இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் 1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வரவேண்டும் என்பதை இங்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெட்டி தப்பாகக் காட்டினால் சண்டைதான்.

அந்த சென்சார் சிப்புக்கு கெர்னலில், அதாவது லினக்ஸின் மையக் கோடில், டிரைவர் இல்லை. நாங்களே எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி ஒட்டவேண்டும். மெயின்லைனுக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வ கெர்னலுக்கு, அனுப்பிவிடலாம் என்று முடிவானது. எழுதியவர் பொள்ளாச்சித் தம்பி ஒருவர். வெளியே அனுப்பும் முன் ரிவ்யூ என் பொறுப்பு. சிப் அவர் மேஜையில். என்னிடம் கோடும், சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டும் மட்டும்.

டேட்டாஷீட்டை நான் திரையில் படிப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். கடைக்காரர் கட்டைப் பார்த்துவிட்டு, "பிஎஸ்சி பரீட்சைக்குங்களா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான். டைமிங் அட்டவணையில் ஒரு கன்வர்ஷன் (அழுத்தத்தை எண்ணாக்குவது) முடிய ஆகும் நேரத்துக்கு வழக்கமான மதிப்பு, அதிகபட்ச மதிப்பு என்று இரண்டு பத்திகள். கோடில் காத்திருந்தது வழக்கமான மதிப்பு வரைக்கும்தான். பெஞ்சில் இருக்கும் சிப் ஒன்று. வயலுக்குப் போகிறவை பல, அதுவும் பங்குனி வெயிலில். அதிகபட்சத்தைத்தான் எடுக்கவேண்டும் என்று எழுதினேன்.

அடுத்தது ரீடிங். சிப் மூன்று பைட் தருகிறது, பெரிய பைட் முன்னால், மொத்தம் 24 பிட், மைனஸும் வரலாம். கோடில் மூன்றையும் ஷிஃப்ட் செய்து 32 பிட் எண்ணில் போட்டிருந்தார். பைட் வரிசை சரி, மைனஸ் குறியை 32 பிட்டுக்கும் நீட்டும் சைன் எக்ஸ்டென்ஷன் மட்டும் இல்லை. தண்ணீர் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கோடையில் வாய்க்கால் காய்ந்து ரீடிங் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போகிற நாளில், -1 என்பது 1,67,77,215 ஆகிவிடும். காய்ந்த வாய்க்காலில் கடல் காட்டும் பெட்டி. இதற்கு கெர்னலிலேயே 'சைன் எக்ஸ்டெண்ட்32' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. குறி இருப்பது 23ஆம் பிட் (எண்ணுவது பூஜ்யத்திலிருந்து) என்று சொன்னால் போதும்.

எனக்கு நேரம் பிடித்தது இன்டரப்ட்தான், அதாவது ரீடிங் தயார் என்று சிப் போர்டுக்குத் தரும் சிக்னல். ப்ரோப்பில் வரிசை இப்படி இருந்தது: மெமரி வாங்கு, இன்டரப்டைப் பதிவு செய், ஐ2சி என்ற இணைப்பு வழியாக சிப்பின் ஐடியைப் படி, கம்ப்ளீஷனை (ரீடிங் வரும்வரை காத்திருக்க உதவும் அமைப்பு) தயார் செய், கடைசியில் சிப்பை ரீசெட் செய். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் அந்தக் கம்ப்ளீஷனைத்தான் எழுப்பும். பவர் போட்டதும் சிப் தூங்குகிறது, அதனால் இன்டரப்ட் வராது, பெஞ்சில் எல்லாம் நன்றாகவே ஓடும். "ஒருக்காக்கூட கிராஷ் ஆகலீங்ணா" என்றார் தம்பி. நம்பினேன். ஆனால் வயலில் போர்டு உறைந்துபோய், அதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமர் ரீபூட் செய்யும்போது சென்சாருக்குப் போகும் பவர் நிற்பதில்லை. முன்பு தொடர் அளவை மோடில் விட்டிருந்தால் சிப் அதே மோடில் பல்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்டரப்டைப் பதிவு செய்த அடுத்த நொடி ஹேண்ட்லர் ஓடலாம். அப்போது கம்ப்ளீஷனுக்குள் இருக்கும் காத்திருப்போர் லிஸ்ட் வெறும் பூஜ்யம். காலி லிஸ்ட் என்றால் தன்னையே சுட்டவேண்டும். பூஜ்யம் அப்படிச் சுட்டாது. யாரோ காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு கெர்னல் நல் பாயின்டரை (எங்கும் சுட்டாத முகவரி) தொட்டு கிராஷ் ஆகும்.

"தொடர் மோடில் விட்டுட்டு, பவரை எடுக்காமல் ரீபூட் பண்ணிப் பாருங்க தம்பி" என்று மட்டும் எழுதினேன். சாயங்காலம் சீரியல் கன்சோலின் போட்டோ வந்தது, திரை முழுக்க ஊப்ஸ், அதாவது கெர்னலின் கிராஷ் செய்தி. வாதம் செய்திருந்தால் இரண்டு நாள் போயிருக்கும். சிப்பை ரீசெட் செய்வதும் கம்ப்ளீஷனைத் தயார் செய்வதும் முன்னால் வந்தன, இன்டரப்ட் பின்னால் போனது.

ரிமூவிலும் இதே குடும்பத்துப் பிரச்சினை. 'டெவ்எம்' என்று தொடங்கும் ஃபங்ஷன்களால் வாங்கியதை கெர்னலே வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவித்துவிடும், ஆனால் ரிமூவ் முடிந்த பிறகுதான். தம்பி இன்டரப்டையும் ஐஐஓ (கெர்னலில் சென்சார்களுக்கான பகுதி) பதிவையும் டெவ்எம் வழியாக வாங்கிவிட்டு, சிப்புக்குப் பவர் தரும் ரெகுலேட்டரை மட்டும் ரிமூவில் கையால் அணைத்திருந்தார். அதாவது பவர் போன பிறகும் கொஞ்ச நேரம் சென்சார் ஃபைலை யாரும் படிக்கலாம், இன்டரப்டும் வரலாம். பாதி டெவ்எம், பாதி கைவேலை என்று கலந்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அணைக்கும் வேலையையும் டெவ்எம் ஆக்‌ஷனாகப் பதிவு செய்யச் சொன்னேன். ரிமூவ் ஃபங்ஷனே இல்லாமல் போனது. நல்ல டிரைவரில் அது இல்லாமல் இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

யூனிட் விஷயத்தில் கொஞ்சம் முறைப்பு. டிரைவர் நேராக சென்டிமீட்டரில் நீர்மட்டம் கொடுத்தது. எங்கள் ஆப்புக்கு அதுதான் வசதி. ஆனால் ஐஐஓவில் அழுத்தம் என்றால் ஸ்கேலைப் பெருக்கியபின் கிலோபாஸ்கலில் வரவேண்டும். ஒரு மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9.8 கிலோபாஸ்கல், இந்தக் கணக்கை ஆப் போட்டுக்கொள்ளட்டும். யூசர்ஸ்பேஸ், அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் ஆப்புகள், பார்க்கும் ஃபைல் ஒருமுறை கெர்னலில் வெளியாகிவிட்டால் அப்புறம் மாற்ற விடமாட்டார்கள். ஆபீஸில் முனகினார்கள், நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாம்பிளிங் வேகத்தை டிவைஸ் ட்ரீயில் எழுதியிருந்ததையும் எடுக்கச் சொன்னேன். போர்டில் என்ன மாட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் அங்கே இருக்கவேண்டும்.

ஸ்பேஸ், டேப், வரி நீளம் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் அது சொல்லும். புதிதாக ரிவ்யூ செய்கிறவர்கள் ஐஐஓவின் பிரஷர் ஃபோல்டரில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் பிஎம்பி280 டிரைவரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த சப்சிஸ்டத்தில் எது வழக்கம் என்று தெரிந்துவிடும்.

கடைசியில் என் பெயரோடு 'ரிவ்யூட்-பை' என்ற வரி போடவேண்டும். இதைச் சும்மா நட்புக்காகப் போடக்கூடாது. டெக்னிக்கலாகப் பார்த்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், பதிலில் திருப்தி என்பதே அதன் அர்த்தம் என்று கெர்னல் டாக்குமெண்டேஷனிலேயே எழுதியிருக்கிறது. பிழையே இல்லை என்ற உத்தரவாதத்தை யாரும் கேட்பதில்லை. வெளியே அனுப்பியதும், கெர்னலின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் நான் விட்ட இடங்களைப் பிடிக்கத்தான் செய்தார்: ஐ2சிக்குக் கொடுக்கும் பஃபர் ஸ்ட்ரக்சரில் இருக்கும் இடம், பிழைச் செய்தி எழுதும் விதம். ஒவ்வொரு வெர்ஷனிலும் என்ன மாறியது என்று பேட்சில் (அனுப்பும் கோடு மாற்றம்) வரும் '---' என்ற மூன்று கோட்டுக்குக் கீழே எழுதி அனுப்பினோம்.

ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்கும் புதிய கோடை ஏற்கும் மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம்தான் திறந்திருக்கும். எங்கள் பேட்ச் அதைத் தவறவிட்டு அடுத்த சுற்றில் உள்ளே போனது. வாய்க்காலில் ஏற்கனவே நிற்கும் பெட்டிகளில் ஓடுவது நீண்ட காலம் பராமரிக்கப்படும் பழைய எல்டிஎஸ் கெர்னல் என்பதால் அவற்றுக்கு பேக்போர்ட், அதாவது புதிய டிரைவரைப் பழைய கெர்னலுக்கு ஏற்ப மாற்றுவது, வேண்டியிருக்கிறது. அதைத் தம்பி செய்துகொண்டிருக்கிறார். ஆப்பில் கிலோபாஸ்கலைச் சென்டிமீட்டராக்கும் கணக்கை ஆபீஸில் இருப்பவர்கள் போட்டுவிட்டார்கள்.