பதினெட்டு ஆயிடுச்சுன்னுதான் நினைச்சான்

பதினெட்டு வயதாகாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதான பையனின் வீட்டார் வக்கீல்களான எங்களிடம் வந்தால் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான்: "சார், அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிடுச்சுன்னுதான் நினைச்சான் சார்." இதை கோர்ட்டில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி வருகிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை என்று அந்த அம்மாக்களுக்குப் புரியவைப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை.

பதினெட்டு வயது வரம்பே தெரியாது என்பது சட்டம் தெரியாமை, எடுபடாது. வயதைத் தவறாக நம்பியது விவரப் பிழை, அதாவது சட்டம் தெரிந்தும் நடந்த விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது. அதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 79-ஆவது பிரிவும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 17-ஆவது பிரிவும் ஓரளவு இடம் தருகின்றன. ஆனால் போக்சோவின் 30-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை, அதாவது தெரிந்தே செய்யும் எண்ணம், இருந்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். பத்தொன்பது வயதுப் பையன் தன் மனதில் இருந்த நம்பிக்கையை எதை வைத்து நிரூபிப்பான்? அவன் போனை எடுத்துப் பார்த்தால், "நாளைக்கு பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி பரீட்சை" என்று அந்தப் பெண் அனுப்பிய மெசேஜ் இருக்கும். வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் நம்பிக்கையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, உண்மையான வயது எது என்பதில்தான் வழக்கை நடத்துகிறோம். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டோடு கூண்டில் ஏறுவார். "இந்தப் பிறந்த தேதியை யார் சொன்னது?" "பெற்றோர் சொன்னதுங்க." "பிறப்புச் சான்றிதழ் பார்த்தீர்களா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதிவேட்டில் அப்படிக் குறிப்பு இல்லைங்க" என்பார். சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, பள்ளியின் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், எதுவுமே இல்லையென்றால்தான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை என்று வரிசை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் வராது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, தண்டனையை ரத்து செய்தது. அதற்குப் பிறகு டி.சி.யை மட்டும் நம்பி வயதை நிரூபிப்பது அரசுத் தரப்புக்குச் சிரமமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. 'பார்த்தால் பெரிய பொண்ணு மாதிரி இருந்தாள்' என்று நிறுவுவதற்காக, சாட்சி சொல்ல வந்த பெண்ணிடம் உயரத்தையும் உடையையும் கேட்க மாட்டேன். ஜூனியர்களையும் கேட்க விடமாட்டேன். குழந்தையின் குணத்தைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளை போக்சோவின் 33-ஆவது பிரிவே தடுக்கிறது. பிரிவு இல்லாவிட்டாலும் கேட்கக் கூடாதுதான்.

1875-இல் இங்கிலாந்தில், பதினாறு வயதாகாத பெண்ணை அழைத்துப் போனதாக பிரின்ஸ் என்பவர் மீதான வழக்கில், பெண் தன் வயது பதினெட்டு என்றாள், அவர் நம்பினார், நம்பியது நியாயம்தான் என்று ஜூரியும் ஒப்புக்கொண்டது. அப்படியும் தண்டனை நின்றது. அதே நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், 13 வயதுக்குக் கீழே 'வயது ஆயிடுச்சுன்னு நினைச்சேன்' என்ற பேச்சையே அனுமதிப்பதில்லை. 13 முதல் 15 வரை என்றால், பதினாறு ஆனதாக அவர் நியாயமாக நம்பினாரா என்று கேட்கிறது. எனக்கு அது சரியாகப் படுகிறது. இங்கும் சின்னக் குழந்தைகள் விஷயத்தில் ஒரு துளியும் தளர்த்த வேண்டாம். பதினேழைத் தாண்டிய பெண், பத்தொன்பது வயதுப் பையன் என்று வரும் வழக்குகளிலாவது, அவன் சொல்வது நம்பும்படி இருக்கிறதா என்ற அளவில் நீதிபதி எடைபோட 30-ஆவது பிரிவைத் திருத்தலாம்.