மோட்டார் கொட்டாயிலேர்ந்து

12 மே 2021

நர்ஸஸ் டேவாம். காலையிலேர்ந்து வாட்ஸ்அப் பூரா விளக்கு புடிச்ச அம்மா படம்தான். ஊக்கத்தொகை வேற அறிவிச்சிருக்காங்க, நர்ஸுக்கு 20,000, ஏப்ரல் மே ஜூன் மூணு மாசத்துக்கு. சந்தோஷம்தான், ஆனா கான்ட்ராக்ட் நர்ஸா இருக்கற எனக்கு மாச சம்பளமே 14,000, அதுவே இன்னும் வரல. எனக்கு கொரோனா வார்டு டியூட்டி, வீட்ல அப்பாயி இருக்கறதால நான் படுக்கறது வயல்ல மோட்டார் கொட்டாய்ல. அம்மா தூக்குவாளிய வரப்புல வச்சிட்டு தூரமா நின்னு கத்தும், சாப்டியாடின்னு.

21 மே

தமிழ்நாட்டுல இன்னைக்கு மட்டும் 36,184 பேருக்கு கொரோனா பாசிட்டிவ். ஒடம்பு பூரா மூடற பிபிஇ கிட் கவச டிரஸ்ஸ மாட்டுனா ஆறு மணி நேரம் தண்ணி கெடையாது பாத்ரூம் கெடையாது, பீரியட்ஸ் நாள்னா கேக்கவே வேணாம். அதெல்லாம் பழகிடுச்சு. பழகாதது ஆக்சிஜன் சத்தம். வார்டு பூரா உஸ்ஸுன்னு ஓடிகிட்டே இருக்கும், சிலிண்டர் மாத்தறப்ப ஒரு நிமிஷம் நிக்கும் பாருங்க, அப்ப எல்லா கட்டில்லேர்ந்தும் நம்மளையே பாப்பாங்க.

நேத்து ராத்திரி கரண்ட் போயி கொட்டாய்ல மோட்டார் நின்னுடுச்சு. நான் எந்திரிச்சு இருட்டுல சுவத்த தடவிகிட்டு ஆக்சிஜன் அளவு திருப்பற ஃப்ளோமீட்டர் தேடுறேன். அப்பா டார்ச்சோட வந்து, நாத்தங்காலுக்கு தண்ணி பாதிதான் பாஞ்சிருக்குன்னு ஈபிகாரங்கள திட்டிட்டு போனாரு. நான் ஒண்ணும் சொல்லல.

29 மே

யாரோ காலேஜ் பொண்ணு ஆராய்ச்சிக்குன்னு ஃபார்ம் அனுப்பிருக்கு. கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் கெட்டுச்சா, சோர்வா இருந்துச்சான்னு ஒம்போது கேள்வி. ஒம்போதாவது, செத்துடலாம்னு நெனப்பு வந்துச்சான்னு. அத ரெண்டு தடவ படிச்சேன். ஜீரோ போட்டேன், நெசமாவே ஜீரோதான்.

அப்பறம் வேலைல திருப்தி அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டுச்சு. நாலுன்னு போட்டேன். கூட டியூட்டி பாக்கற அக்கா, கிறுக்கா ஒனக்குங்குது. எப்படி சொல்றது. வலங்கைமான் பக்கத்து தாத்தா ஒருத்தரு, வர்றப்ப ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 78, குப்புற படுங்கன்னு சொல்லி சொல்லி தொண்ட வத்திப்போச்சு, இப்ப 93. நாடி புடிக்க போனா அவரு கேக்கற ஒரே கேள்வி, "மேட்டூரு எத்தன அடிம்மா?"

12 ஜூன்

மேட்டூர் தொறந்தாச்சு! டியூட்டிக்கு போனதும் மொத வேலையா தாத்தாட்ட ஓடுனேன். "இத நீ வந்துதான் சொல்லணுமாக்கும், பேரன் அப்பவே போன் போட்டுட்டான், நீ மொதல்ல இந்த இட்லிக்கு கெட்டி சட்னி வாங்கி குடு"ங்கறாரு. சிரிச்சதுல ஷீல்டு பூரா ஆவி புடிச்சிடுச்சு. அடுத்த கட்டில்காரரு முந்தாநாள் போயிட்டாரு, முப்பத்தஞ்சு வயசு கூட இருக்காது, சிரிச்சிகிட்டிருக்கறப்பவே அவரு நெனப்பும் வந்துடுச்சு.

24 ஜூன்

வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, செத்தையும் நுரையுமா தள்ளிகிட்டு. அப்பா சூடம் கொளுத்திட்டு மோட்டார நிப்பாட்டிட்டாரு. ராத்திரி கொட்டாய்ல தவள சத்தம் மட்டுந்தான். புரண்டு புரண்டு பாத்துட்டு பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு போயி நானே மோட்டார போட்டுவிட்டேன். வீட்டு வாசல்ல லைட்டு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அணஞ்சுது. அப்பா வந்து கேக்கல.